விசாரணைக்கு முற்பட்ட சிறை

குற்றஞ் சாட்டப்பெற்றான் ஒருவனை விசாரணை முடியுமுன் சிறையில் வைப்பதா, ஜாமீனில் விடுவதா? ஓடிவிடுவானோ, மீண்டும் குற்றஞ் செய்வானோ என்னும் ஐயத்தை அளந்தே நீதிபதி இதனை முடிவு செய்கின்றார். அவ்வளவுகோல் நேர்மையானதோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வீரபாண்டியும் கம்பம் பள்ளத்தாக்கும் அடங்கிய பழைய மதுரை ஜில்லா இதற்குத் தக்க சான்றாம். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர் பதிவு செய்யப்பெற்றனர். யாதொரு குற்றமும் செய்யாதாரும் கைரேகை வைத்து, இரவில் காவலர்முன் ஆஜராக வேண்டியதாயிற்று. ஆஜராகாமையே தண்டனைக்குரிய குற்றமாம். இங்ஙனம் சந்தேகமே குற்றத்தைப் பிறப்பித்தது. அக்குற்றமே சந்தேகத்திற்குச் சான்றாயிற்று. 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தோர் பலர் துப்பாக்கிக்கு இரையாயினர். 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கிற்று.

இந்நாளில் அமெரிக்காவில் 'காம்பஸ்' என்னும் கணினிக் கருவி இவ்வளவையைச் செய்கின்றது. அது இனத்தை வினவுவதில்லை. ஆயினும், பிளாரிடாவின் பிரோவார்டு கவுண்டியில் மீண்டும் குற்றஞ் செய்யாதாருள், கறுப்பரில் 100-க்கு 44.9 பேரும் வெள்ளையரில் 23.5 பேரும் அபாயமுடையார் எனத் தவறாகக் குறிக்கப்பெற்றதாகப் புரோபப்ளிக்கா 2016-இல் வெளியிட்டது. ஒரே மதிப்பெண் பெற்ற இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குற்றஞ் செய்தனர் என்று கருவியை ஆக்கியோர் விடையிறுத்தனர். கைதுக் கணக்கு வேறுபடுமிடத்து இவ்விருவகை நேர்மையும் ஒருங்கே நிறைவுறல் அரிது. காவல் மிக்க இடத்தில் கைதும் மிகுமன்றோ?

ஆதலின், கருவி கூறும் எண்ணைத் தீர்ப்பெனக் கொள்ளாது, அவ்வெண் பிறந்த பதிவேட்டை முதற்கண் வினவுதலே கற்றோர் கடனாம்.