காயங்களோடு வந்த சமாதானம்

தமிழில் 'சமாதானம்' என்ற சொல்லுக்குப் பல முகங்கள் உண்டு. சண்டையிட்ட இருவரைச் சமாதானம் செய்து வைக்கிறோம். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துகிறோம். தாமதமாக வந்தவர் ஏதோ ஒரு சமாதானம் சொல்கிறார். வேதாந்த நூல்களிலோ, ஆன்ம விசாரத்திற்குத் தகுதியாகக் கூறப்படும் ஆறு செல்வங்களுள் ஒன்று சமாதானம். சிதறிய மனத்தை ஓரிடத்தில் நன்கு நிலைநிறுத்துதல் என்பது அங்கே அதன் பொருள். விவிலியத்தைத் தமிழாக்கியோர் நெடுங்காலம் இயேசுநாதரின் வாய்மொழியில் இச்சொல்லையே அமைத்து வந்தனர். பிற்கால மொழிபெயர்ப்புகளில் 'அமைதி' இடம்பெற்றது. மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டவன் என்ற முறையில் எனக்குப் பழைய சொல்லே பொருத்தமாகப் படுகிறது. 'அமைதி' என்றதும் ஓசையின்மையே முதலில் நினைவுக்கு வருகிறது; நூலகச் சுவரில் எழுதி வைக்கிறார்களே, அந்த அமைதி.

எபிரேய மூலச்சொல் 'ஷாலோம்'. முழுமை, குறைவின்மை என்பது அதன் வேர்ப்பொருள். பட்ட கடனை முழுதும் தீர்ப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லும் அதே வேரிலிருந்து எழுந்ததே. அரபு மொழியின் 'ஸலாம்' அதன் உடன்பிறப்பு.

தாம் கைது செய்யப்படுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் இயேசுநாதர் தம் சீடர்களுக்கு விட்டுச்சென்ற சொத்து இந்தச் சமாதானம் ஒன்றுதான். உலகம் தரும் முறையில் தாம் அதைத் தரவில்லை என்றும் அவர் சேர்த்துச் சொன்னதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. அன்றைய உலகம் சமாதானத்தை எந்த முறையில் தந்தது? ரோமப் பேரரசர் அகஸ்டஸின் சிறப்புக்காக ரோமாபுரியில் சமாதானத்திற்கென்றே ஒரு பலிபீடம் எழுப்பப்பட்டிருந்தது. பேரரசெங்கும் அந்தச் சமாதானத்தைக் காத்தவை படைப்பிரிவுகள். அதைக் குலைப்பவர் என்று கருதப்பட்டவருக்குரிய தண்டனைகளுள் ஒன்று சிலுவை. ஆகவே, சமாதானத்தின் பெயராலேயே இயேசுநாதர் கொல்லப்பட்டார் என்று சொன்னால் அது மிகையாகாது.

உயிர்த்தெழுந்தபின் அவர் சீடர்களிடம் வந்த காட்சியையும் அந்நற்செய்தி வர்ணிக்கிறது. அச்சத்தால் கதவுகளைத் தாழிட்டு அவர்கள் உள்ளே அமர்ந்திருக்கின்றனர். அவர் நடுவே வந்து நின்று சமாதான வாழ்த்துக் கூறுகிறார். உடனே ஆணி பாய்ந்த கைகளையும் ஈட்டி பாய்ந்த விலாவையும் காட்டுகிறார். இந்த வரிசை கவனிக்கத் தக்கது. காயங்கள் ஆறி மறைந்த பிறகு வரும் சமாதானமன்று அது, காயங்களோடேயே வருகிறது. புனித பெனடிக்டின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர் சமாதானத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒரு முள்வளையத்தின் நடுவில் பொறித்துத் தம் சின்னமாகக் கொண்டிருப்பதும் இக்கருத்தினாலேயே.

இவ்விடத்தில் தத்துவ மாணவர் ஒருவர் ஐயம் எழுப்பலாம். கிரேக்கத்தின் ஸ்டோயிக் ஞானியரும் மன அமைதியைத்தானே போதித்தனர்? உண்மைதான். ஆனால் அவர்கள் நாடியது எதுவும் தீண்ட முடியாத உள்ளத்தை. கிறிஸ்தவம் சொல்லும் சமாதானமோ தீண்டப்பட்ட உள்ளத்தில் நிலைப்பது. இரண்டும் உயர்ந்தவையே, ஆயினும் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது.

கிறிஸ்தவ மரபில் இதைத் தத்துவ நோக்கில் ஆழமாக ஆராய்ந்தவர் புனித அகஸ்டின். கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரிய நாட்டிலுள்ள ஓர் ஊரில் பிறந்தவர். 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபின் அவர் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலின் 19ஆம் பகுதி சமாதானத்தைப் பற்றியதே. போரிடுபவன்கூட ஒரு சமாதானத்தை நாடியே போரிடுகிறான். கொள்ளையரும் தம் கூட்டத்திற்குள் சமாதானத்தோடு இருக்கவே விரும்புகின்றனர் என்று அவர் காட்டுகிறார். எனவே, பூசலின்மை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு சமாதானத்தை மெய்யானது என்று கொள்ள முடியாது. அனைத்தும் தத்தமக்குரிய இடத்தில் அமையும் ஒழுங்கிலிருந்து பிறக்கும் அமைதியே சமாதானம் என்பது அவர் தரும் இலக்கணம். இவ்வளவும் எழுதியவர் 430இல் கண்மூடியபோது, அவருடைய நகரத்தை வாண்டல் படைகள் முற்றுகையிட்டிருந்தன.

இலக்கணம் போதும், அதற்கோர் இலக்கியம் வேண்டும். அதே அல்ஜீரிய மண்ணில், நம் காலத்திலேயே அது கிடைக்கிறது.

தலைநகர் அல்ஜியர்ஸுக்குத் தெற்கே, மெதேயா நகரை அடுத்த அட்லஸ் மலைச்சரிவில் திபிரின் என்றொரு சிற்றூர். அங்கே 1938 முதல் டிராப்பிஸ்ட் துறவியரின் மடம் ஒன்று இருந்தது. தோட்ட வேலை, மௌனம், நாளின் வேளைதோறும் வழிபாடு, இவையே அவர்கள் வாழ்க்கை. சுற்றிலும் இருந்தோர் அனைவரும் முஸ்லிம்கள். யாரையும் மதம் மாற்ற அத்துறவியர் முயலவில்லை. ஊராரின் தொழுகைக்கென மடத்திலேயே ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தனர். லூக் என்ற சகோதரர் மருத்துவர். 1946இல் வந்த அவர் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவ்வூரில் இலவச மருத்துவம் செய்தார். வருபவர் யார், எந்தப் பக்கத்தவர் என்று கேட்பதில்லை.

1984 முதல் மடத்தின் தலைவராக இருந்தவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே. பிரெஞ்சு இராணுவக் குடும்பத்தில் பிறந்தவர். அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த 1959ஆம் ஆண்டில் அவர் அங்கே இளம் இராணுவ அதிகாரியாகப் பணியாற்றினார். முகம்மது என்ற உள்ளூர்க் காவலர் அவருக்கு நண்பரானார். பத்துப் பிள்ளைகளின் தந்தை, ஆழ்ந்த இறைப்பற்றுள்ளவர். ஒருநாள் தாக்குதல் ஒன்றில் அந்த நண்பர் குறுக்கே நின்று கிறிஸ்தியானின் உயிரைக் காத்தார். அதற்காகவே பின்னர்க் கொல்லப்பட்டார். தமக்காக உயிர் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் என்ற உண்மையே கிறிஸ்தியானைத் துறவியாக அந்நாட்டிற்குத் திரும்ப அழைத்து வந்தது. 1979இல் அவரும் வேறொரு பாதிரியாரும் சேர்ந்து தொடங்கிய கிறிஸ்தவ-முஸ்லிம் நட்புக் குழுவின் பெயர், 'சமாதானப் பிணைப்பு' என்று பொருள்படும் 'ரிபாத் அஸ்ஸலாம்'.

ஆன்மிக உரையாடலுக்காக அவரிடம் வந்துகொண்டிருந்த முஸ்லிம் அன்பர் ஒருவர், 'நாம் கிணறு தோண்டி நாளாயிற்றே' என்று சொல்வதுண்டாம். 'அடியில் கிடைப்பது முஸ்லிம் நீரா, கிறிஸ்தவ நீரா?' என்று கிறிஸ்தியான் வேடிக்கையாகக் கேட்டார். கடவுளின் நீர்தான் என்று பதில் வந்தது. நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1990களில் அந்நாட்டில் அரசுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் இடையே கொடிய உள்நாட்டுப் போர் மூண்டது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், வன்முறையைக் கண்டித்த இமாம்களும் அவர்களுள் உண்டு. 1993 டிசம்பர் முதல் தேதிக்குள் வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று ஆயுதக் குழு கெடு விதித்தது. டிசம்பர் 14 அன்று, மடத்திற்கு அறிமுகமான குரோஷியத் தொழிலாளர் 12 பேர் சில கிலோமீட்டர் தொலைவில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டனர். பத்து நாட்கள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், அக்கொலைக்குக் காரணமானவன் என்று கருதப்பட்ட சயா அத்தியா தன் ஆட்களோடு மடத்திற்குள் நுழைந்தான்.

கிறிஸ்தியான் அவனெதிரே சென்றார். 'இது சமாதானத்தின் வீடு. ஆயுதத்தோடு இங்கே எவரும் வந்ததில்லை. பேச வேண்டுமானால் வெளியே சென்று பேசுவோம்' என்ற கருத்தில் உறுதியாகச் சொன்னார். அவன் மூன்று கோரிக்கைகள் வைத்தான்: மலையிலுள்ள தன் ஆட்களுக்கு மருத்துவர் வர வேண்டும், மருந்து வேண்டும், பணம் வேண்டும். மருத்துவர் முதியவர், மூச்சிரைப்பு நோயாளி. நோயுற்றவர் இங்கு வந்தால் மற்றவரைப் போலவே பார்க்கப்படுவர். பணமோ இங்கில்லை என்று கிறிஸ்தியான் பதிலளித்தார். உனக்கு வேறு வழியில்லை என்றான் அவன். இருக்கிறது என்றார் இவர். அன்று சமாதானத்தின் இளவரசர் பிறந்த நாளைக் கொண்டாடுகிறோம் என்று கேள்விப்பட்டதும் அவன், தெரியாமல் வந்துவிட்டதாக வருத்தம் தெரிவித்துத் திரும்பிச் சென்றான்.

இதைப் புனிதரின் அற்புதக் கதைபோலச் சொல்லி முடித்துவிடுவது எளிது. அதன் பின் நடந்ததே நம் பொருளுக்கு முக்கியமானது. துறவியர் அஞ்சினர். சிலர் புறப்பட்டுவிடுவதே முறை என்று எண்ணினர். ஒருமுறையல்ல, பலமுறை கூடிப் பேசினர், வாக்களித்தனர். 1950இல் பிறந்த கிறிஸ்தோஃப் என்ற துறவி எழுதிய நாட்குறிப்பு பின்னர் நூலாக வெளிவந்தது. அவருடைய உள்ளத்தின் போராட்டம் அதில் பதிவாகியுள்ளது. ஒரே மடத்தில் நிலைத்து வாழ்வதாக அவர்கள் ஏற்றிருந்த விரதம் ஒருபுறம். வெளியேற வழியே இல்லாத ஏழை அண்டை வீட்டார் மறுபுறம். கிளையில் அமர்ந்த பறவைபோல் எந்நேரமும் பறக்க நேரலாம் என்று துறவியர் கூறியபோது, 'பறவைகள் நாங்கள். கிளை நீங்கள்' என்று ஊரார் மறுமொழி சொன்னதாகக் கூறுவர். இறுதியில் தங்குவது என்று ஒருமித்து முடிவாயிற்று. அரசு தர முன்வந்த ஆயுதக் காவலையும் அவர்கள் ஏற்கவில்லை.

அச்சம் அவர்களை விட்டு நீங்கிவிடவில்லை. அது இருந்தபடியே இருக்க, முடிவெடுக்கும் இடத்தை அதற்குக் கொடாதிருந்தனர். அகஸ்டின் சொன்ன ஒழுங்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலையிலிருந்த ஆயுதக் குழுவினரை 'மலைச் சகோதரர்' என்றும் அரசுப் படையினரைச் 'சமவெளிச் சகோதரர்' என்றும் அவர்கள் குறிப்பிட்டனர். இரு தரப்பாருக்கும் இது உவக்கவில்லை. அத்தியாவுக்காகத் தாம் பிரார்த்தித்ததைப் பற்றிக் கிறிஸ்தியான் பின்னர்ப் பேசியிருக்கிறார். அவனைக் கொன்றுவிடு என்று இறைவனிடம் கேட்க முடியாது. அவனது ஆயுதத்தைக் களையச் செய் என்று கேட்கலாம். ஆனால், முதலில் என் ஆயுதத்தைக் களை என்று கேட்காமல் அதைக் கேட்கும் உரிமை எனக்கேது என்று அவர் தம்மையே வினவிக்கொண்டார். துறவியிடம் ஏது ஆயுதம்? கசப்பு, வெறுப்பு, நாம் நல்லவர் என்ற எண்ணம் இவையே. மூன்றாவது உறையிலேயே கிடப்பதால் எளிதில் கண்ணில் படாது.

தம் மரணத்தை எதிர்பார்த்து, 1993 டிசம்பருக்கும் 1994 ஜனவரிக்கும் இடையில் அவர் ஒரு சாசனம் எழுதி வைத்தார். அத்தகைய மரணத்தைத் தாம் விரும்ப இயலாது என்று அதில் தெளிவாகக் கூறினார். தாம் நேசிக்கும் மக்கள் தம் கொலைப் பழியைச் சுமக்க நேருமே என்பதுதான் காரணம். உலகில் நிலவும் தீமையில் தமக்கும் பங்குண்டு என்று அறிந்துகொள்ளுமளவு வாழ்ந்துவிட்டதாகவும் எழுதினார். வீரமரணத்தின் புகழையும் ஓர் ஆசையாகக் கண்டு விலக்கிய இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

1996 மார்ச் 26-27 நள்ளிரவில் ஏழு துறவியர் கடத்திச் செல்லப்பட்டனர். லூக்கிற்கு அப்போது வயது 82. வேறு அறைகளில் இருந்த இருவர் தப்பினர். அவர்களுள் ழான்-பியேர் மொராக்கோவின் மிடெல்ட் மடத்தில் 2021 வரை வாழ்ந்தார். ஏழு பேரும் கொல்லப்பட்டதாக மே மாதம் ஆயுதக் குழுவின் பெயரால் அறிக்கை வந்தது. அவர்களுடைய தலைகள் மட்டுமே கிடைத்தன. திபிரின் மடத்து மண்ணிலேயே அவை அடக்கம் செய்யப்பட்டன. 2018 டிசம்பர் 8 அன்று அல்ஜீரியாவின் ஓரான் நகரில் கத்தோலிக்கத் திருச்சபை அவர்களுக்கு முத்திப்பேறு பெற்றோர் என்ற நிலையை அளித்தது.

கிறிஸ்தியானின் சாசனத்தை 1996 மே 26, பெந்தெகொஸ்தே திருநாளன்று குடும்பத்தார் திறந்தனர். அதன் இறுதிப் பகுதி, தம்மைக் கொல்லப் போகிறவரை நோக்கி எழுதப்பட்டது. அவரைக் கடைசி நிமிடத்து நண்பர் என்று அழைத்து, அவருக்கும் நன்றி கூறுகிறார். இயேசுநாதரோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வருள் ஒருவன் மனம் மாறிப் பரகதி பெற்றான் அல்லவா? அதை நினைவில் வைத்து, நம் இருவருக்கும் தந்தையான இறைவன் திருவுளம் கொண்டால், மகிழ்ச்சியுற்ற கள்வர் இருவராக நாம் அங்கே சந்திப்போம் என்று முடிக்கிறார். கையொப்பத்திற்கு முன் அவர் எழுதிய கடைசிச் சொல் 'இன்ஷா அல்லாஹ்'.

அந்தக் கடைசி நிமிடத்து நண்பர் யார் என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை.