எக்செல்லில் நாணயம் சுண்டுவோமா?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்செல் தொகுப்பை வரவு செலவு எழுத மட்டுமே பயன்படுத்துகிறார்கள். நான் அதே எக்செல்லைக் கொண்டு எம்.எஸ்சி. கணித மாணவர்களுக்கு நிகழ்தகவுப் பாடம் நடத்துகிறேன். அதில் ஒரு பகுதியை நீங்களும் செய்து பார்க்கலாம்.

வகுப்பில் முதலில் இந்தக் கேள்வியைக் கேட்பேன். ஒரு நல்ல நாணயத்தை 100 முறை சுண்டியதில் 60 தலை, 40 பூ விழுந்துவிட்டது. 10,000 முறை வரை சுண்டினால் என்ன ஆகும்? பெரிய எண்களின் விதியை, எமில் போரெல் 1909-ல் தந்த வலுவான வடிவம் வரை படித்தவர்கள்கூடச் சிலர், "இனி பூ அதிகம் விழுந்து கணக்கு நேராகிவிடும்" என்பார்கள். உண்மையா? எக்செல்லிடமே கேட்போம்.

1. புதிய ஒர்க் ஷீட்டில் ஏ1 செல்லில் சமக்குறி இடுங்கள். ரவுண்ட் என ஆங்கிலத்தில் டைப் செய்து அடைப்புக் குறியைத் திறங்கள். அதற்குள் ஆர், ஏ, என், டி என்ற நான்கு எழுத்துக்களையும், உடனே ஒரு திறக்கும், ஒரு மூடும் அடைப்புக் குறியையும் இடுங்கள். பிறகு ஒரு கமா, ஒரு பூஜ்யம், ஒரு மூடும் அடைப்புக் குறி. என்டர் தட்டுங்கள். 0 அல்லது 1 தெரியும். 1 என்றால் தலை, 0 என்றால் பூ.

2. ஏ1 செல்லில் கிளிக் செய்து, கண்ட்ரோல் + சி அழுத்தி காப்பி செய்யுங்கள்.

3. இடது மேல் மூலையில் செல்லின் பெயர் தெரியும் சிறிய கட்டத்தில் ஏ1:ஏ10000 என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். பின் கண்ட்ரோல் + வி. 10,000 முறை சுண்டியாகிவிட்டது!

4. அதே கட்டத்தில் ஏ1:ஏ100 என்று கொடுத்தால், திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் கூட்டுத்தொகை தெரியும். முதல் நூறில் விழுந்த தலைகள் அவை. மீண்டும் ஏ1:ஏ10000 கொடுத்து மொத்தத்தையும் பாருங்கள். எப்9 கீயை அழுத்தினால் எல்லா நாணயங்களும் புதிதாகச் சுண்டப்படும்.

பலமுறை செய்து பாருங்கள். 100-க்குப் பெரும்பாலும் 40 முதல் 60 வரை வரும். 10,000-க்கு 4,900 முதல் 5,100 வரை. அதாவது பாதியிலிருந்து விலகும் எண்ணிக்கை 10-லிருந்து 100 ஆக வளர்கிறது. சதவீதத்தில் பார்த்தால் 10-லிருந்து 1 ஆகச் சுருங்குகிறது. விகிதம்தான் நேராகிறது, எண்ணிக்கை அல்ல.

இதைக் கையாலேயே செய்தவர் ஜான் கெரிச் என்ற கணிதவியலாளர். 1940-ல் ஜெர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியபோது அங்கே சிக்கிக்கொண்டு, முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் 10,000 முறை நாணயம் சுண்டினார். முதல் 100-ல் 44 தலை, விலகல் 6. முடிவில் 5,067 தலை, விலகல் 67!

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 60 தலை விழுந்தது நாணயத்திற்குத் தெரியாது. மீதமுள்ள 9,900-ல் சராசரியாக 4,950 தலை எதிர்பார்க்கலாம். மொத்தம் 5,010, அதாவது 50.1 சதவீதம். முன்பு கூடுதலாக விழுந்த 10 தலையை எந்தப் பூவும் ஈடுகட்டவில்லை. பெரிய எண்ணிக்கையில் அது கரைந்துவிட்டது, அவ்வளவுதான். குடத்து நீரில் போட்ட உப்பைப் போல. உப்பு அங்கேயேதான் இருக்கிறது, கரிப்பு மட்டும் தெரியவில்லை.

இது தேர்வுக்கு மட்டுமான விஷயம் அல்ல. "இத்தனை முறை தோற்றுவிட்டேன், அடுத்தது எனக்குத்தான்" என்று சூதாட்டத்தில் விட்டதைப் பிடிக்கப் போகிறவர் நம்புவதும் இதே தவறான கணக்கைத்தான். அவர் இழந்தது ரூபாய், சதவீதம் அல்ல. அப்படி யாராவது சொன்னால் எக்செல்லைத் திறந்து எப்9 கீயை அவரையே அழுத்தச் சொல்லுங்கள்.