பிரவுனீஸ் தலைவியாகப் போகிறீர்களா? பால், பாலினக் கருத்து வேறுபாடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் மகளைப் பெண் சாரணியர் அமைப்பான கேர்ள்கைடிங்கில் சேர்க்கப் போகும் அம்மாக்களுக்கு முதலில் கிடைப்பது காத்திருப்போர் பட்டியலில் ஓரிடம். அடுத்து ஒரு கேள்வி: “நீங்களே தலைவியாக வந்தால் என்ன?” பிள்ளைகளுக்குக் குறைவில்லை, நடத்தத்தான் ஆளில்லை. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் தமிழ் அம்மாக்கள் சிலர் சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகுதான் செய்தித்தாளில் கேர்ள்கைடிங் என்ற பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள். பால், பாலினம் பற்றிய சர்ச்சையைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தோடு நிற்பவர்களுக்காக எழுதியது இது.

படி 1: அமைப்பு ஏன் தோன்றியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1909இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸ் திடலில் சாரணர் பேரணி நடந்தது. ஆண்பிள்ளைகளுக்கான அந்தக் கூட்டத்துக்குச் சில சிறுமிகள் அழைப்பில்லாமலே வந்து, தாங்களும் சாரணர்தான் என்று நின்றார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கென்று தனி அமைப்பு உருவானது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை முன்னின்று நடத்தினார். இன்று 4 வயதில் ரெயின்போஸ், 7இல் பிரவுனீஸ், 10இல் கைட்ஸ், 14 முதல் 18 வரை ரேஞ்சர்ஸ் என்று நான்கு பிரிவுகள் உள்ளன.

ஆண்களின் சாரணர் அமைப்பு 1991 முதல் எல்லா வயதுப் பிரிவுகளிலும் பெண்பிள்ளைகளைச் சேர்க்க அனுமதித்தது. 2007இல் எல்லாக் குழுக்களும் சேர்த்தாக வேண்டும் என்றாயிற்று. கேர்ள்கைடிங் மட்டும் தனியாகவே இருக்க முடிவெடுத்தது. ஆகவே “பெண்பிள்ளைகளுக்கு மட்டும்” என்பதுதான் அதன் இருப்புக்கே காரணம். யார் பெண் என்ற கேள்வி ஒரு நீச்சல் குழுவை உலுக்குவதைவிட இந்த அமைப்பை அதிகமாக உலுக்கியதும் அதனால்தான்.

இன்னொரு தேதியையும் நினைவில் வையுங்கள். 2013இல் உறுதிமொழியிலிருந்து கடவுள் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். தனக்கு உண்மையாக இருப்பது, தன் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வது என்ற பொருளில் புதிய வரி வந்தது. தேவாலயத்து மண்டபங்களிலேயே பெரும்பாலும் கூடிவந்த இயக்கம் அது. அப்போதும் கோபித்துக்கொண்டு விலகப் பார்த்தவர்கள் உண்டு. ஆனாலும் கோவிலுக்குப் போகும் பிள்ளையும் கடவுளே இல்லை என்னும் பிள்ளையும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாட வழி பிறந்தது. பால், பாலினம் பற்றிய கருத்து வேறுபாட்டையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே சொல்பவை எல்லாம் அங்கிருந்தே வருகின்றன.

படி 2: இரு தரப்பையும் அவரவர் வாயால் கேளுங்கள்

எதிர்த்தரப்பின் கருத்தை நீங்கள் எடுத்துச் சொன்னால் அவர்கள் “ஆமாம், அதைத்தான் சொல்கிறோம்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை உங்களுக்கு விஷயம் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தரப்பு சொல்வது இது: பால் என்பது உடல் சார்ந்தது, ஆண் பெண் என இரண்டே, பிறகு மாறாது. பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவத்தில், கூடாரத்திலும் குளியலறையிலும் தங்களுக்கென்று ஓர் இடம் கேட்பது நியாயம். அதைக் கேட்பதால் யாரையும் வெறுப்பதாக ஆகாது.

மறு தரப்பு சொல்வது: ஒருவர் பெண் என்பதை அவருடைய உள்ளுணர்வே சொல்கிறது. பிறப்பில் ஆண் என்று பதிவாகித் தன்னைப் பெண்ணாக உணரும் டிரான்ஸ் சிறுமியும் சிறுமியேதான். பசையும் காகிதமும் வைத்துக்கொண்டு பேட்ஜுக்காக உழைக்கும் எட்டு வயதுப் பிள்ளையால் யாருக்கு என்ன ஆபத்து? வெளியே நிறுத்தினால் காயப்படுவது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

மண்டபத்தில் நீங்கள் சந்திக்கும் பெரியவர்களில் பலர் இந்த இரண்டில் எதிலும் முழுதாக அடங்கமாட்டார்கள். உடல் மாறாது என்று உறுதியாக நம்பிக்கொண்டே, தன் குழுவில் இருக்கும் அந்த ஒரு பிள்ளைக்காகச் சண்டை போடும் தலைவி இருப்பார். மத நம்பிக்கையால் ஒரு பக்கம் நின்றுகொண்டு வாயே திறக்காதவரும் இருப்பார். வியாழக்கிழமை மாலை தேநீர் போட மட்டும் வருகிறேன் என்பவரையும் விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர்ப் படிமத்தை இங்கே அப்படியே பொருத்துவதும் சரிவராது. தமிழ்நாட்டில் திருநங்கையர் என்றதும் 2008இல் அரசு அமைத்த நலவாரியமும், வேலையும் வீடும் கேட்டு நடந்த போராட்டங்களும் நினைவுக்கு வரும். அங்கே பேச்சு பெரியவர்களின் வாழ்வுரிமை பற்றியது. பிரிட்டனில் நடப்பது பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் யார் சேரலாம் என்ற வழக்கு, அதுவும் குழந்தைகளை வைத்து.

படி 3: 2017 முதல் நடந்ததை வரிசையாகப் படியுங்கள்

2017 வாக்கில் கேர்ள்கைடிங் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தன்னைப் பெண்ணாக உணரும் எவரும் உறுப்பினராகலாம். முகாமுக்கு டிரான்ஸ் பிள்ளை வருவதை மற்றப் பெற்றோருக்குத் தெரிவிப்பது நல்ல நடைமுறை அல்ல என்றும் அது சொன்னது. தகராறு அதிகமாக மூண்டது இந்த இடத்தில்தான். அந்தப் பிள்ளையின் தனியுரிமையைக் காக்கிறோம் என்றார்கள் ஒரு பக்கம். எங்கள் பிள்ளை யாரோடு தூங்குகிறாள் என்று எங்களுக்குத் தெரிய வேண்டாமா என்றார்கள் மறுபக்கம்.

2018இல் கொள்கையை எதிர்த்துப் பேசிய தலைவிகள் இருவர் நீக்கப்பட்டார்கள். ஒருவர் வழக்குத் தொடுத்தார். அது தீர்ப்புக்குப் போகாமல் உடன்பாட்டில் முடிந்தது.

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஸ்காட்லாந்துப் பெண்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் வரும் பெண் என்ற சொல் பிறப்பால் அமைந்த பாலையே குறிக்கும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இதை ஒரு தரப்பின் வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்ப்பை வாசித்த ஹாட்ஜ் பிரபு சொன்னார். ஆனாலும் வென்ற தரப்பினர் நீதிமன்ற வாசலில் ஷாம்பெயின் உடைக்கத்தான் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று கேர்ள்கைடிங், டிரான்ஸ் சிறுமிகள் இனிப் புதிதாகச் சேர முடியாது என்று அறிவித்தது. மனமுவந்து எடுத்த முடிவல்ல, சட்ட ஆலோசனைப்படி எடுத்தது என்றும் சொன்னது. அடுத்த நாளே பெண்கள் சங்கமான விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்டும் அதே திசையில் திரும்பியது.

கணக்குப் பார்த்தால், முதலில் ஒரு கருத்துக்காரர்கள் வெளியே போனார்கள், பிறகு ஒரு வகைப் பிள்ளைகளுக்குக் கதவு மூடியது. இரண்டு முறையும் உத்தரவு தலைமையகத்திலிருந்து வந்தது. பெற்றோர் முகத்தில் விழித்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது மண்டபத்துத் தலைவிக்குத்தான்.

படி 4: சட்டம் எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்

பாகுபாடு கூடாது என்பதுதான் சமத்துவச் சட்டத்தின் பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு: பால், மதம் போன்ற ஒரே பாதுகாக்கப்பட்ட தன்மை உடையவர்களுக்கு மட்டும் என்று ஒரு சங்கம் அமையலாம். ஆண்பிள்ளைகளைச் சேர்க்காமல் கேர்ள்கைடிங் இயங்குவது அந்த விலக்கின் பலத்தில். பெண் என்றால் பிறப்பால் பெண் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, டிரான்ஸ் சிறுமிகளையும் சேர்க்கும் சங்கம் சட்டத்தின் பார்வையில் பெண்களுக்கு மட்டுமான சங்கம் அல்ல. அப்புறம் மற்ற ஆண்பிள்ளைகளை எந்த விலக்கைக் காட்டித் தடுப்பது? தலைமையகம் மாட்டிக்கொண்ட முடிச்சு இதுதான்.

பாலின மாற்றத்தைச் சட்டப்படி ஏற்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் 18 வயதானவர்களுக்கே கிடைக்கும். நீதிமன்றத்தில் வாதம் பெரும்பாலும் அந்தச் சான்றிதழைச் சுற்றியே நடந்தது. பிரவுனீஸ் பிள்ளை எவரிடமும் அது இருந்திருக்க முடியாது.

பாலின மாற்றம் என்ற பாதுகாக்கப்பட்ட தன்மையும் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. டிரான்ஸ் மனிதரைத் துன்புறுத்துவது நேற்றும் சட்டவிரோதம், இன்றும் சட்டவிரோதம். மறுபக்கம், பால் மாறாது என்ற நம்பிக்கையும் காப்புக்கு உரியது என்று 2021 ஜூனில் மாயா ஃபார்ஸ்டேட்டர் என்பவரின் வழக்கில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. அதை மறுக்கும் நம்பிக்கைக்கும் அதே காப்பு உண்டு. அந்த வழக்கு வேலை செய்யும் இடம் பற்றியது. சங்க உறுப்பினர்களுக்கு அதே சட்டத்தில் தனிப் பகுதி இருக்கிறது. (வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு வேறு சட்டம். அங்குள்ள தலைவிகள் தங்கள் கமிஷனரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும்.)

சுருங்கச் சொன்னால் உறுப்பினர் விதியைக் கடைப்பிடிக்கும்படி அமைப்பு உங்களிடம் கேட்கலாம். அதை மனதார நம்பும்படி கேட்க முடியாது. விதி 2017இல் இருந்ததுபோல இருந்தாலும் இப்போது இருப்பதுபோல இருந்தாலும் இது மாறாது.

படி 5: மண்டபத்தில் கேள்வி வரும்போது

பிள்ளைகளின் கேள்விகள் சுலபம். “அவ ஏன் வரல?” என்றால், “அது அவள் வீட்டு விஷயம், நாம் பேச வேண்டாம்” என்றால் போதும். எட்டு வயதுக்கு அதற்குமேல் தேவைப்படாது.

பெற்றோர்தான் கஷ்டம். வாசலில் ஒருவர் உங்களைத் தமிழச்சி என்று கண்டுகொண்டு, “அக்கா, இஞ்ச அந்த மாதிரிப் பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். எந்தப் பிள்ளை பற்றியும் இன்னொரு பெற்றோரிடம் நீங்கள் சொல்லக் கூடாது. “பிள்ளையளப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேலாது தங்கச்சி. ஆர் சேரலாம் எண்டது கொள்கையில எழுதிக் கிடக்கு, அனுப்பி விடுறன்” என்று சொல்லி, சொன்னபடி அனுப்பியும் விடுங்கள். உங்கள் சொந்தக் கருத்தைக் கேட்டால், சீருடையில் இருக்கும்போது சொல்வதில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

படி 6: முகாமுக்கு முன்னால்

தூங்கும் ஏற்பாடு, கழிப்பறை, உடை மாற்றும் இடம் ஆகிய மூன்றையும் எழுத்தில் திட்டமிட்டு, எல்லாப் பெற்றோருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். உடை மாற்ற ஒவ்வொருவருக்கும் தனி மறைவு கேட்டு வாங்குங்கள். மதக் காரணம், தழும்பு, மாதவிடாய், வெறும் கூச்சம் என்று அது தேவைப்படும் பிள்ளை எப்போதும் ஒன்றாவது இருக்கும். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கமிஷனரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்ன பதிலை யாரும் பிறகு நினைவில் வைத்திருப்பதில்லை.

படி 7: வாட்ஸ்அப், ஃபேஸ்புக்

குழுவின் வாட்ஸ்அப்பில் இதைப் பேசாதீர்கள். உங்கள் சொந்தப் பக்கம் வேறு. பள்ளி ஊழியர் ஒருவரை, பாலினம் பற்றிய ஃபேஸ்புக் பதிவுகளுக்காக வேலையைவிட்டு நீக்கியது அளவுக்கு மிஞ்சிய நடவடிக்கை என்று 2025 பிப்ரவரியில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்துச் சொல்லலாம். பெயர் சொல்லி ஒரு பிள்ளையையோ குடும்பத்தையோ இழுத்தால் எந்தத் தீர்ப்பும் கைகொடுக்காது.

படி 8: கதவு மூடிய குடும்பத்தோடு பேசுவது

இதை யாரும் பயிற்சியில் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2025 டிசம்பர் அறிவிப்பன்று, ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்களுக்கு உடனடி மாற்றம் இல்லை என்றார்கள். உங்கள் குழுவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், நீங்கள் பேசும் நாளில் எழுத்துக் கொள்கை என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்; செய்தித்தாள் தலைப்பை வைத்துப் பேசாதீர்கள்.

பெற்றோரிடம் தனியாக, நேரில், பிள்ளை இல்லாத நேரத்தில் பேசுங்கள். பாலினம் பற்றி உங்கள் நம்பிக்கை எதுவானாலும் அன்றைக்கு அதற்கு வேலையில்லை. “நான் முன்பே சொன்னேன்” என்பதும் வேண்டாம், “எனக்கும் இது பிடிக்கவில்லை” என்று அவர்கள் தோளில் சாய்வதும் வேண்டாம். விதி என்ன, எப்போதிலிருந்து, முறையீடு செய்ய விரும்பினால் யாரிடம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். பிள்ளை பாதி முடித்த பேட்ஜ் இருந்தால் முடித்துக் கொடுத்துவிடுங்கள்.

போவதற்கு முன் அக்கம்பக்கத்துச் சாரணர் குழுவை நீங்களே தொலைபேசியில் அழையுங்கள். அங்கே ஆண் பெண் எல்லோரையும் சேர்ப்பதால் இந்தக் கேள்வி எழாது. ஆனால் அங்கும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. இடம் எப்போது கிடைக்கும் என்று கேட்டு, யாரைத் தொடர்புகொள்வது என்பதையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.