பூக்காத செங்காந்தளுக்குப் போன வருஷத்து இலைதான் மருந்து

மலைமேல் பூத்த ஐரிஸைக் கொண்டுவந்து மலையடிவாரத்தில் உள்ள நம் தேவாரம் ஊரில் நட்டுவிட்டு, பூ வரவில்லையே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தாடி ஐரிஸ் மொட்டு வைக்கக் குளிர்காலம் வேண்டும். நம் அடிவாரச் சூட்டில் அது வெறும் இலையாக நின்றுவிடும். கிழங்கிலிருந்து வரும் அழகுப் பூதான் ஆசை என்றால் செங்காந்தளை வையுங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

ஆனால் இதுவும் சில வீடுகளில் கொடியாக ஓடிவிட்டுப் பூக்காமலே காய்ந்துபோகிறது. அப்படிக் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது கிழங்கின் எடையை. 50 கிராமுக்குக் குறைந்த கிழங்கு பெரும்பாலும் பூக்காது. விதை போட்டு வளர்த்தால் பூப் பார்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். ஆகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதைப் பயிராகச் செய்யும் விவசாயிகளிடம் தேறிய கிழங்காக வாங்குவது நல்லது. காட்டில் இருப்பதைத் தோண்டி எடுக்கவே வேண்டாம்.

கிழங்கு கவட்டை போலக் கிளைத்திருக்கும். முளை அதன் நுனியில்தான் இருக்கிறது. தொட்டால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் அந்தக் கிளை அந்த வருஷம் முளைக்காது. ஆனி, ஆடியில் மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து நடுகிறேன். தண்ணீர் தேங்காத செம்மண் போதும். தூர் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்க வேண்டும். தொழுவுரத்தை அள்ளிக் கொட்டினால் கொடிதான் செழிக்கும், பூ வராது. இலை நுனிதான் சுருண்டு பிடித்து ஏறும் என்பதால் தடிமனான கம்பு உதவாது. முள்ளு மிலாறு நட்டுக்கொடுங்கள். நம்மூர் ஆடிக் காற்றுக்கு அது தாங்கவும் செய்யும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பூ முடிந்த பிறகு செய்ய வேண்டியது. நட்ட கிழங்கு அந்தப் பருவத்தோடு தீர்ந்துபோகிறது. இலைகள் சமைக்கும் உணவில்தான் அடுத்த வருஷத்துக் கிழங்கு புதிதாக உருவாகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூத்து ஓய்ந்ததும் "இனி என்ன" என்று கொடியை அறுத்துவிடுகிறார்கள். அடுத்த வருஷத்துப் பூவை அறுப்பதும் அதுவும் ஒன்றுதான். பச்சை இருக்கும்வரை தண்ணீர் விடுங்கள், கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் போடுங்கள். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி போட்ட புழு வந்தால் கையோடு பொறுக்கிவிட வேண்டும். அது இலையைத் தின்றுதீர்த்தால் கிழங்கு தேறாது. கொடி தானாக மஞ்சளாகிக் காய்ந்த பிறகு சொட்டுத் தண்ணீர் கூடாது. அந்த உறக்கத்தில் ஈரம் பட்டால் கிழங்கு அழுகிவிடும்.

மாசி, பங்குனியில் தோண்டி, காய்ந்த மணலில் புதைத்து நிழலில் வைக்கிறேன். இதில் ஒரு கவனம் மிக அவசியம். செடி முழுக்க, அதிலும் கிழங்கில், கோல்ச்சிசின் என்ற விஷம் இருக்கிறது, உயிரையே எடுக்கும். பார்ப்பதற்குச் சமைக்கும் கிழங்கு மாதிரியே இருப்பதால் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. உறை மாட்டித் தோண்டுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளும் ஆடும் எட்டாத இடமாகப் பார்த்து, வீட்டில் எல்லோருக்கும் இன்னதென்று சொல்லி வையுங்கள்.