ஷுட், வுட்: நம்ம 'ணும்', 'இருப்பேன்' தெரிஞ்சா போதும்

ஆஃபர் லெட்டர் வந்ததும் நம்மில் பலபேர் அனுப்பும் பதில் இது: "ஐ வுட் ஜாயின் ஆன் மண்டே." 'வில்' என்பதைவிட 'வுட்' மரியாதையாக இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறோம். ஆனால் படிக்கிறவருக்கு, "சேருவேன், ஆனா..." என்று ஏதோ நிபந்தனை பாக்கி இருப்பதுபோலத் தெரியும். சேருவது உறுதி என்றால் "ஐ வில் ஜாயின்". அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தும் இது ஏன் குழப்புகிறது? 'ஷுட் என்றால் வேண்டும், வுட் என்றால் வில்லோட பாஸ்ட் டென்ஸ்' என்று மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்த ரெண்டும் செய்கிற வேலையை நாம் வீட்டில் பேசும் தமிழும் செய்கிறது. அங்கிருந்து பிடிப்போம்.

வுட்: நாலு வேலை

1. பழைய பழக்கம். எங்க பாலசமுத்திரத்தில், "சின்ன வயசுல லீவு விட்டா அணைக்குப் போவோம்" என்போம். 'போவோம்' எதிர்கால வினை, சொல்வதோ பழைய கதை. அதே இடத்தில் இங்கிலீஷில் வுட்: "வீ வுட் கோ டு த டேம்." ஒரு எச்சரிக்கை: "அங்க ஒரு புளியமரம் இருக்கும்" மாதிரி நிலையைச் சொல்லும்போது வுட் வராது. "தேர் யூஸ்ட் டு பி" என்று எழுதுங்க.

2. ஒருத்தர் சொன்னதைச் சொல்வது. "வருவேன்னு சொன்னான்." தமிழில் அவன் பேச்சு அப்படியே நிற்கும். இங்கிலீஷில் 'சொன்னான்' கடந்த காலம் என்பதால் வில்லும் மாறிவிடும்: "ஹி செட் ஹி வுட் கம்."

3. நடக்காமல் போனது. "அணை நிரம்பியிருந்தா ரெண்டு போகம் நட்டிருப்போம்." இதில் '-இருப்போம்' வரும் பாதிக்குத்தான் 'வுட் ஹேவ்'. '-இருந்தா' வரும் பாதிக்கு 'இஃப்... ஹேட்'. "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" என்று எழுதினால் தப்பு. "இஃப் ஐ ஹேட் நோன்" சரி.

4. பணிவு. "வுட் யூ செண்ட் மீ த ஃபைல்?", "ஐ வுட் லைக் டு நோ". ஒன்றைக் கேட்கும்போது வுட் மரியாதை தரும். வாக்குக் கொடுக்கும்போது அதே வுட் சந்தேகம் தரும். ஆஃபர் லெட்டர் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

ஷுட்: நம்ம 'ணும்'

"தினமும் பிராக்டிஸ் பண்ணணும்" என்றால் அறிவுரை. "பழனி பஸ் இந்நேரம் வந்திருக்கணும்" என்றால் ஊகம். "நேத்தே ஃபீஸ் கட்டியிருக்கணும்" என்றால் விட்டுப்போன கடமை. மூன்றுக்கும் ஷுட் பொருந்தும். பின்னால் உள்ள ரெண்டுக்கும் 'ஷுட் ஹேவ்'.

எதிர்மறையில் கவனம். 'கூடாது' என்றால் 'ஷுட் நாட்'. 'வரவேண்டியதில்லை' என்றால் 'நீட் நாட்' அல்லது 'டோன்ட் ஹேவ் டு'. சீனியரிடம் "யூ ஷுட் நாட் கம்" என்று சொன்னால், சிரமப்பட வேண்டாம் என்று நீங்க நினைத்தது, வரவே கூடாது என்று போய்ச் சேரும்.

இன்னொன்று. தமிழ் 'வேண்டும்' மஸ்ட், ஷுட் ரெண்டையும் தன்னிலேயே வைத்திருக்கிறது. இன்ஜினியரிங்கில் அது ஆகாது. இன்டர்நெட் விதிமுறைகளை எழுதுவோருக்காக 1997-ல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 இதை வரையறுக்கிறது: மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தக்க காரணம் இருந்தால் மீறலாம், ஆனால் விளைவை எடைபோட்ட பிறகே, மே என்றால் உங்க விருப்பம். ஐஎஸ்ஓ தரநிலைகளில் கட்டாயத்துக்கு 'ஷால்', பரிந்துரைக்கு 'ஷுட்'. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ரெக்வயர்மென்ட் எழுதும்போது இதை மறக்காதீங்க.

துணைவினைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றினால், நம்ம மாநில வரலாற்றையே பாருங்க. அரசியல் சட்டம் மத்திய அரசில் ஆங்கிலத்துக்குத் தந்த 15 ஆண்டு அவகாசம் 1965 ஜனவரி 26-ல் முடிய இருந்தது. 1963-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டம், அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடரலாம் என்றது. அங்கே போட்ட சொல் 'மே'. 'மே' என்றால் தொடராமலும் விடலாமே, 'ஷால்' போடுங்கள் என்றது அண்ணாவின் தி.மு.க. இந்த இடத்தில் 'மே' என்றாலும் 'ஷால்' என்றாலும் ஒன்றுதான் என்றார் நேரு. 1964-ல் நேரு மறைந்தார். அவர் வாய்மொழி உறுதி சட்டத்தின் எழுத்தில் இல்லை. 1965-ல் மாணவர்கள் தெருவுக்கு வந்ததற்குக் காரணங்கள் பல. இந்தச் சொல் பற்றிய அவநம்பிக்கையும் அவற்றில் சேர்ந்தது. 1967-ல் வந்த திருத்தத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் என்ற இடத்தில் 'ஷால்' ஏறியது.

இப்போ உங்க முறை. இங்கிலீஷில் சொல்லிப் பாருங்க:

அ) முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருப்பேன்.
ஆ) ரிசல்ட் இந்நேரம் வந்திருக்கணும்.
இ) நீங்க காத்திருக்க வேண்டியதில்லை.

விடை: அ) இஃப் யூ ஹேட் டோல்ட் மீ இயர்லியர், ஐ வுட் ஹேவ் கம். ஆ) த ரிசல்ட் ஷுட் ஹேவ் கம் பை நவ். இ) யூ டோன்ட் ஹேவ் டு வெயிட்.

மூன்றும் சரி என்றால், இன்னைக்கே உங்க செண்ட் பாக்ஸைத் திறந்து பழைய மெயில்களில் இருக்கும் வுட்களை எண்ணிப் பாருங்க.