வீடு திரும்பியும் முடியாத பணிநேரம்

அலுவலகக் கதவு மாலையில் சாத்தப்பட்டாலும் அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழு ஓய்வதில்லை. இரவு உணவின்போதும் உறங்கச் செல்லும்போதும் செய்திகள் வந்தவண்ணம் உள்ளன. ஒரு செய்திக்கு விடையளிக்கக் கைப்பேசியை எடுப்பவர், அப்படியே முகநூலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சென்று ஒரு மணி நேரத்தை இழக்கிறார். இரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் இதனைச் சிறு பழக்கமென்று ஒதுக்கிவிடலாகாது.

உடலில் நிகழ்வது என்ன?

நலமுள்ளவர் உறங்கும்போது இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு தாழ்கிறது. இதயமும் இரத்தக் குழாய்களும் இளைப்பாறும் நேரம் அது. திரையின் ஒளி, உறக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. மேலதிகாரியின் ஒரு கேள்வியோ மனத்தை மீண்டும் பணிக்கு இழுத்து, உறக்கத்தைத் தள்ளிவைக்கிறது. உறக்கம் தொடர்ந்து குறைந்தால் இன்சுலினின் செயல்திறன் குன்றும், பசியும் மிகும்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயத்தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல் என்று அது மதிப்பிட்டது. வீட்டிலிருந்து அனுப்பும் விடைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாவிடினும் அவையும் உழைப்பே. பிரான்சு நாட்டில் பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டமாகவே நடைமுறையில் உள்ளது.

துணையிருப்போர் கவனத்துக்கு

நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து அலுவலகத்துக்கு விடையளிப்போர் பலர். மருத்துவர் கூறும் மருந்தளவு செவியில் விழாமல் போவது அவ்வேளையில்தான். மருத்துவர் வரும் நேரத்தில் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, அவர் கூறுவதைத் தாளில் குறித்துக்கொள்க.

செய்யத்தக்கவை

1. அலுவலகக் குழுவின் ஒலியை மட்டும் இரவில் நிறுத்திவையுங்கள். குடும்பத்தாரின் அழைப்பொலி இருக்கட்டும். அவசரத்துக்கு அது வேண்டும்.

2. ‘உடனடித் தேவையெனில் அழையுங்கள், மற்றவற்றுக்குக் காலையில் விடையளிப்பேன்’ என்று மேலதிகாரியிடம் முன்னரே பணிவுடன் தெரிவியுங்கள். மருத்துவர் ஓய்வு அறிவுறுத்தியிருப்பின் அதற்குச் சான்றிதழ் கேட்டுப் பெறலாம்.

3. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். விழிப்பதற்குத் தனியாக ஓர் அலாரக் கடிகாரம் போதும்.

4. சமூக ஊடகத்தை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. தொலைவிலுள்ள உறவினரோடு உரையாட அது உதவும். அதற்கென ஒரு நேரத்தை வரையறுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் மருத்துவக் குறிப்பை நம்பி மருந்தை நிறுத்தவோ மாற்றவோ கூடாது.

குடும்பத்தார் குறை கூறுவதினும், தாமும் உணவு வேளையில் கைப்பேசியைத் தொடாதிருப்பது பயன்தரும். பணியை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமே பலரை இரவிலும் விழித்திருக்கச் செய்கிறது. அவ்வச்சத்தைப் பேச இடங்கொடுங்கள்.

உறக்கமின்மை, சோர்வு, காரணமற்ற எரிச்சல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூறுங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் பணிக்களைப்பென்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.