குறைந்த செலவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர்



கம்ப்யூட்டரில் கேம் விளையாட ஆசைப்படாதவர் நம்மில் யார்? ஆசை நிறைய இருக்கிறது, காசுதான் இல்லை! இருக்கிற காசில் எந்தப் பாகத்தை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் அப்பா மூட்டை தூக்குகிறவர். அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில்தான் எனக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "விளையாடவா இவ்வளவு காசு?" என்று அம்மா கேட்டதற்கு, "ஆமாம்மா, படிக்கவும்தான்" என்று உள்ளதைச் சொன்னேன். ஆட்டோகேடும் புராஜெக்ட் வேலையும் அதே மெஷினில்தானே ஓடுகிறது! தவணை தப்பாமல் கட்ட வேண்டிய பணம் அது. ஒரு பாகம் சரியில்லை என்றால் இன்னொன்று வாங்க வழி கிடையாது. வீட்டில் யோசனை கேட்கவும் ஆளில்லை. பள்ளிப்படிப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். ஆகவே மூன்று மாதம் படித்து, விசாரித்து, சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிய பிறகே பணத்தை வெளியே எடுத்தேன்.

அங்கே முதலில் காதில் விழுவது, "ஐ5 தம்பி, 16 ஜிபி ரேம், கேமிங் பிசி, எடுத்துக்கோ!" என்பதுதான். ஐ5 என்றால் போதுமா? எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஐ5-3470 வந்தது 2012-ல். அதற்குள்ளே நான்கு கோர், நான்கு த்ரெட். 2022-ல் வந்த ஐ3-12100-ல் அதே நான்கு கோர், ஆனால் எட்டு த்ரெட். ஒவ்வொரு கோரின் வேகமும் நன்றாகவே மேல். பெயரில் சின்னது, வேலையில் பெரியது! இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். அந்தப் பழைய ஐ5 விண்டோஸ் 11-க்கான பட்டியலிலேயே இல்லை. விலை மலிவு என்று தூக்கி வந்தால், ஆட நினைத்த கேமே ஓடாது.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். 12100எஃப் என்று 'எஃப்' இருந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாமல் மானிட்டரில் படமே வராது. நம்மைப் போல கார்டை அப்புறம் வாங்கப் போகிறவர்களுக்கு அது ஆகாது. நான் எடுத்தது ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021-ல் வந்தது, ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ். வேலரண்ட், ஜிடிஏ 5 போன்றவற்றைக் குறைந்த செட்டிங்கில் தாராளமாக ஆடலாம். இதில் ஒரு குறையும் இருக்கிறது. 5600-ல் எல்-3 கேஷ் 32 எம்பி, இதில் பாதிதான். பின்னால் கார்டு போட்டாலும் அந்த வித்தியாசம் கொஞ்சம் தெரியும். தெரிந்தேதான் வாங்கினேன்.

உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4-3200 ரேம் ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி அனுப்பும், இரண்டு சேனலில் 51.2 ஜிபி. எனவே ஒரே 16 ஜிபி ஸ்டிக் வேண்டாம், இரண்டு 8 ஜிபி போடுங்கள். கடையில் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்பார்கள். ஒன்றல்ல!

இனி எஸ்எம்பிஎஸ். எல்லோரும் கடைசியில் மிச்சக் காசுக்கு வாங்குவது இதைத்தான். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். அது எரிந்தால் சில நேரம் மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். நான் இ.இ.இ. மாணவன், லேபில் படித்த கணக்கு இங்கேதான் உதவியது. ஒரு கடையில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பெட்டியைக் காட்டினார்கள். கையில் வாங்கினால் காலி டிபன் பாக்ஸ் கனம்தான் இருந்தது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட்தானே? புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மீதி வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று கூட்டிக் காட்டிய கணக்கு.

நமக்கு எவ்வளவு வேண்டும்? ஒருநாள் ஆர்எக்ஸ் 6600 கார்டு போடுவதாக வையுங்கள். அதற்கு 132 வாட். 5600ஜி-யில் 65 என்று போட்டிருந்தாலும் முழு வேலையில் 90 வரை போகும். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டிக்கு ஒரு 50. மொத்தம் 272 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 23 ஆம்பியர். அந்த 18 ஆம்பியர் பெட்டி எங்கே தாங்கும்? நான் வாங்கியதில் 36 ஆம்பியர், 432 வாட். '80 பிளஸ்' முத்திரை எஃபிஷியன்ஸியைத்தான் சொல்லும், உள்ளே ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. வாரண்டி எத்தனை வருடம் என்றும் கேளுங்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா? வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்ற பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் செகண்ட்ஸ் சந்தைக்கு வந்து குவிந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே இரண்டு வகை உண்டு. அசலில் 2304 கோர், '2048எஸ்பி' என்பதில் 2048 மட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச புரோகிராமைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். அரை மணி நேரம் கேமும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சின்னதானாலும் எஸ்எஸ்டி போடுங்கள். கலர் விளக்கு கேபினெட் எல்லாம் வசதி வந்த பிறகு பார்க்கலாம். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது; ஆகவே 200 ஃபிரேம் வருகிறது என்று கார்டுக்குக் கொட்டிக் கொடுப்பதில் பயனில்லை.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் நம்பரோடு அங்கேயே ஒத்துப் பாருங்கள். அட்டைப் பெட்டிகளை வாரண்டி முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் அவை பரண் மேல் இருக்கின்றன. கார்டு போடும் ஸ்லாட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது; குழுக் கடன் முடிய இன்னும் ஏழு தவணை பாக்கி.